மனச்சிதைவா என்று கண்டறியும் மதிப்பீட்டுச் சேவை: தம்பியோடு போய்வந்த ஓர் அக்காவின் விமர்சனம்

ஒரு மனநல மையத்தில் நாங்கள் பயன்படுத்திய மதிப்பீட்டுச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். மனப்பிறழ்வின் அறிகுறிகள் (இல்லாத குரல் கேட்பது, அசையாத பொய்நம்பிக்கை போன்றவை) முதல்முறையாகத் தெரியும் இளைஞர்களை முழுமையாகப் பரிசோதித்து, அது மனச்சிதைவு நோயா (ஸ்கிட்சோஃப்ரினியா) வேறு ஏதாவதா என்று கண்டறிவதற்காகவே அங்கே தனிப் பிரிவு நடக்கிறது. மையத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் தம்பி யார் என்று சிலருக்குத் தெரிந்துவிடும். தவிர, நீங்கள் எந்த மையத்துக்குப் போனாலும் அங்கே எதைக் கேட்டுப் பெறவேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவவேண்டும் என்பதுதான் என் ஆசை. தம்பி இதை முழுக்கப் படித்தான். சில இடங்களை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன். மீதியைப் போடலாம் என்று சொல்லிவிட்டான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயைக் கண்டறிந்த விதத்துக்காக இந்த இடத்தை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். மருந்து ஆரம்பித்த பிறகு எங்களைக் கவனித்துக்கொண்ட விதத்தில் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு.

தம்பி செல்போன் பழுது பார்ப்பவன். மற்ற கடைகளில் கைவிட்ட போர்டுகள்கூட அவனிடம் வரும். முதலில் போனது அந்த ஆர்வம். பிரித்த போன்கள் மேசையில் அப்படியே கிடந்தன. நண்பர்கள் கூப்பிட்டால் எடுக்கமாட்டான். குளிப்பது குறைந்தது. முகத்தில் எந்த ஓட்டமும் இல்லை; சிரிப்பும் வராது, கோபமும் வராது. எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள், காதல் தோல்வி என்பார்கள். எங்கள் உறவிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

மற்றவை அதற்கப்புறம் வந்தன. காதில் எப்போதும் இயர்போன் இருக்கும், ஆனால் பாட்டு ஓடாது. போன் கேமராவின் மேல் டேப் ஒட்டினான். பிறகு சிம்மைக் கழற்றினான். அவன் நினைப்பதையெல்லாம் போன் வெளியே அனுப்புகிறதாம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரிகிறதாம். தொழில் தெரிந்தவன் என்பதால் எந்த ஆன்டெனா, எந்த அலைவரிசை என்று விளக்கமும் கொடுப்பான். கேட்கும் நமக்கே ஒரு நிமிஷம் நம்பலாமா என்று தோன்றும். டிவியில் செய்தி வாசிப்பவர் காதருகே கையைக் கொண்டுபோனால் அது தனக்குக் காட்டும் சைகை என்று எழுந்து போய்விடுவான்.

இந்த மையத்துக்கு முன்னால் ஒரு பொது மருத்துவரிடம் போனோம். தூக்க மாத்திரை எழுதினார். அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர் என்னிடம் மட்டும் கொஞ்ச நேரம் பேசினார், தம்பியிடம் பேரைக் கேட்டார், சீட்டு எழுதிவிட்டார். என்ன நோய் என்று கேட்டதற்கு ‘நரம்புத் தளர்ச்சிதான்’ என்றார். அந்தச் சீட்டில் இருந்த மருந்து தப்பான மருந்து இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் எதற்காக என்று தெரியாத மருந்தை, தனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்புகிற ஒருவன் எப்படித் தொடர்ந்து சாப்பிடுவான்? சாப்பிடவில்லை.

மதிப்பீட்டுப் பிரிவை முதலில் போனில்தான் தொடர்புகொள்ளவேண்டும். எடுத்தவர் ஒரு மனநலச் செவிலியர். அறிகுறிகளைக் கேட்பதற்கு முன்பே அவர் வேறு சில கேள்விகளைக் கேட்டார். இப்போது பத்திரமாக இருக்கிறாரா? சாப்பிடுகிறாரா, தண்ணீர் குடிக்கிறாரா? தன்னையோ பிறரையோ ஏதாவது செய்யும்படி குரல் எதுவும் கட்டளையிடுகிறதா? செத்துப்போகலாம் என்று சொன்னாரா? காய்ச்சல், வலிப்பு, தலையில் அடி ஏதாவது உண்டா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்றார். நல்ல சேவை எப்படி இருக்கும் என்பது எனக்கு அந்தப் போனிலேயே தெரிந்துவிட்டது.

கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். தம்பியிடம் மாற்றம் தெரிய ஆரம்பித்ததிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். “‘ஒரு மாதிரி இருந்தான்’னு எழுதாதீங்கம்மா. என்ன செஞ்சார், என்ன சொன்னார், எந்த மாசம், அதை மட்டும் எழுதுங்க” என்றார். பண்டிகை, சொந்தக்காரர் திருமணம், தம்பி வேலையை விட்ட நாள் என்று நினைவில் நிற்கும் நாட்களோடு சேர்த்து எழுதினேன். பின்னால் நோயைப் பெயரிட்டுச் சொல்ல உதவியதில் எந்த ஸ்கேனையும்விட அந்தத் தாள்தான் முக்கியம் என்று டாக்டரே சொன்னார்.

அடுத்தது காத்திருக்கும் கூடம். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. சுவரில் பெரிய டிவி, அதில் செய்திச் சேனல், சத்தமாக. செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நம்புபவர்கள் வந்து உட்காரும் கூடம் அது! தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வர மறுத்தான். வரவேற்பில் சொன்னேன், ரிமோட் எங்கே என்று தேடினார்கள். கடைசியில் நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தோம். மனப்பிறழ்வு உள்ளவர்களைத் தினமும் பார்க்கும் ஒரு பிரிவுக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை. எழுத்தில் புகார் கொடுத்தேன். இப்போது அந்தப் பிரிவு நடக்கும் நாட்களில் டிவியை அணைத்து வைக்கிறார்கள்.

உள்ளே போன பிறகு எல்லாம் வேறு மாதிரி இருந்தது. டாக்டர் முதலில் தம்பியைத் தனியாகப் பார்த்தார். எங்களைக் கூப்பிடலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் என்னையும் அம்மாவையும் உள்ளே விட்டார். நோயைப் பற்றி ஆரம்பிக்கவே இல்லை. தூக்கம் எப்படி, எந்தப் போனை ரிப்பேர் செய்வது கஷ்டம், இயர்போன் போட்டால் கொஞ்சம் தேவலையாக இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்குத் தம்பி நிமிர்ந்து பார்த்தான். அதுவரை அதை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை.

அங்கிருந்து குரல்களுக்கு வந்தார்கள். ஒரு குரலா, பலவா? தலைக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து காது வழியாகவா? உங்களிடம் பேசுகிறதா, உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறதா? நீங்கள் பேசும்போது நிற்கிறதா? ஏதாவது செய்யச் சொல்கிறதா, சொன்னால் மறுக்க முடிகிறதா? தம்பிக்குக் கேட்பது இரண்டு ஆண் குரல்கள். அவன் செய்வதையெல்லாம் அவை வர்ணிக்கின்றன: “எழுந்துக்கிறான் பாரு, இப்போ பல் தேய்க்கப் போறான்.” நாங்கள் அதை முதன்முதலாகக் கேட்டது அந்த அறையில்தான். அம்மா அழுதுவிட்டார். டாக்டர் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தம்பியின் பக்கமே திரும்பி, “நாள் முழுக்க இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா எவ்வளவு அசதியா இருக்கும்” என்றார்.

அந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருப்பதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செய்வதை வர்ணிக்கும் குரல், தன்னைப் பற்றி விவாதிக்கும் குரல்கள், எண்ணத்தை யாரோ உள்ளே திணிப்பது, எடுத்துவிடுவது, ஊருக்கே ஒலிபரப்புவது போன்ற உணர்வு ஆகியவற்றை ஜெர்மன் மனநல மருத்துவர் கர்ட் ஷ்னைடர் மனச்சிதைவின் முதல்தர அறிகுறிகள் என்று வகைப்படுத்தினார். ஒரு காலத்தில் இதில் ஒன்று இருந்தாலே நோய் உறுதி என்பது போல எடுத்துக்கொண்டார்கள். மனச்சோர்வும் அதீத உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை நோய் போன்றவற்றிலும் இவை வரலாம் என்பதால், மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான, 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 இவற்றுக்கு இருந்த தனிச் சலுகையை எடுத்துவிட்டது. அதனால்தான் தம்பி குரல்களைப் பற்றிச் சொன்ன உடனேயே டாக்டர் முடிவு சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இவ்வளவு கேட்டும் ஏன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன்.

போன் விஷயத்தில் அவர் தம்பியோடு வாதாடவே இல்லை. நம்புவதாக நடிக்கவும் இல்லை. “நூத்துக்கு எவ்வளவு உறுதியா இருக்கீங்க? வேற ஏதாவது காரணம் இருக்க வாய்ப்பு இருக்கா?” என்று மட்டும் கேட்டார். தம்பி “நூறு” என்றான். எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் அசையாத நம்பிக்கையைத்தான் டாக்டர்கள் டெலூஷன், அதாவது பொய்நம்பிக்கை என்கிறார்கள். நாமெல்லாம் அவ்வப்போது படும் சந்தேகத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி அந்த ‘நூறு’தான். பேச்சின் ஓட்டத்தையும் கவனித்துக் குறித்துக்கொண்டார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, சம்பந்தமில்லாத இன்னொன்றுக்குத் தாவி, அங்கிருந்து வேறொன்றுக்கு அவன் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் பழகிப்போய்க் கவனிக்காமலே இருந்திருக்கிறோம். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன என்று கேட்டதற்கு, யானையின் பாதம் எவ்வளவு அகலம் என்று விளக்கினான். இதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை, சிந்தனை எப்படி நகர்கிறது என்று பார்க்கும் பல வழிகளில் இதுவும் ஒன்று என்றார்கள்.

கஞ்சா பற்றியும் கேட்டார்கள். போலீஸ் கேட்பது மாதிரி இல்லை, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில். தம்பி ஒரு காலத்தில் பிடித்ததை ஒப்புக்கொண்டான். வீரியமான கஞ்சாவை அடிக்கடி பிடிப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் ஆபத்து கூடுதல். ஆம்ஃபெட்டமின் வகைப் பொருட்கள் மனச்சிதைவைப் போலவே தோன்றும் நிலையை உண்டாக்கும். அதனால் எதை எப்போது நிறுத்தினான், நிறுத்திய பிறகும் குரல் தொடர்ந்ததா என்பது முக்கியம். தொடர்ந்தது. சிறுநீர்ப் பரிசோதனையிலும் எதுவும் இல்லை.

எங்களிடம் தனியாகப் பேசியபோது அவர்கள் அதிகம் கேட்டது குரல்களைப் பற்றி இல்லை. முன்பு ரசித்ததை இப்போது ரசிக்கிறானா, தானாக எழுந்து எதையாவது ஆரம்பிக்கிறானா, முகபாவம் எப்போதிலிருந்து மங்கியது, பேச்சு எப்போதிலிருந்து சுருங்கியது என்றுதான் கேட்டார்கள். இவை எதிர்மறை அறிகுறிகள், அதாவது இருந்தது இல்லாமல் போவது. குரலும் சந்தேகமும் புதிதாகச் சேர்ந்தவை, மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படக்கூடியவை. இல்லாமல் போனதை மீட்பதுதான் மெதுவாக நடக்கும், வேலைக்குத் திரும்புவதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான் என்று டாக்டர் சொன்னார். கவனம் நிற்காமல் போவதும், இப்போது சொன்னதை உடனே மறப்பதும் இந்த நோயின் பகுதிதான் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்தப் பிரிவின் உண்மையான திறமை எனக்குத் தெரிந்தது இங்கேதான். சத்தமாக இருப்பதை எல்லோரும் கேட்பார்கள். சத்தமில்லாமல் போனதையும் இவர்கள் கேட்டார்கள்.

பரம்பரையைப் பற்றிய கேள்வியும் வந்தது. எங்கள் பெரியப்பா ஒருவர் வருஷக்கணக்கில் ஓர் அறையிலேயே இருந்து போய்ச் சேர்ந்தவர். வீட்டில் யாரும் பேசாத அவரைப் பற்றி அம்மா அன்று பேசினார். டாக்டர் எண்களோடு விளக்கினார். பொதுவாக வாழ்நாளில் இந்த நோய் வருவது 100 பேரில் ஒருவர் அளவுக்குத்தான். பெற்றோரிலோ உடன்பிறந்தவரிலோ ஒருவருக்கு இருந்தால் அது 100-க்குச் சுமார் 10 வரை போகலாம். மரபணுக்கள் அத்தனையும் ஒன்றான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, இன்னொருவருக்கு வராமல் இருப்பதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு. பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அதுவே தலையெழுத்து இல்லை. வளர்ப்பினால் வருவது இல்லவே இல்லை. அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பரிசோதனைகளுக்கு வருகிறேன். தைராய்டு, வைட்டமின் பி12, எச்.ஐ.வி., சிபிலிஸ், கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. ஆகியவற்றோடு மூளைக்கு எம்.ஆர்.ஐ. இத்தனை எதற்கு என்று அம்மா கேட்டார். இவற்றில் எதுவும் மனச்சிதைவைக் காட்டாது என்றார்கள்! மனச்சிதைவை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மனச்சிதைவு போல வேஷம் போடும் மற்றவற்றை விலக்கத்தான் இவையெல்லாம். மூளைக்கட்டி, தைராய்டு கோளாறு, ஒருவகை வலிப்பு ஆகியவை அப்படிச் செய்யக்கூடும். உடலின் எதிர்ப்புச் சக்தி மூளையையே தாக்கும் ஒரு மூளை அழற்சி 2007-இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது; இளம்பெண்களுக்கு அதிகம் வருவது. திடீரென்று சில நாட்களிலேயே எல்லாம் தலைகீழானால், கூடவே வலிப்போ முகத்தில் விநோத அசைவுகளோ வந்தால், அதைச் சந்தேகப்பட்டு வேறு பரிசோதனைகள் செய்வார்கள். சுயநினைவு மங்கி மங்கித் தெளிவது, குரலைவிடக் காட்சிகளே அதிகம் தெரிவது என்றாலும் முதலில் உடல்நோயைத்தான் தேடுவார்களாம். தம்பிக்கு இவை எதுவும் இல்லை.

எடையும் இடுப்பளவும் அன்றே குறித்துக்கொண்டார்கள். இந்த மருந்துகள் பலவற்றில் எடையும் சர்க்கரையும் ஏறும், ஆரம்ப அளவு தெரிந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். இதைச் செய்யாமலே மருந்து தரும் இடங்கள் இருக்கின்றன. நாங்கள் முன்னால் பார்த்த இடத்தில் எடை பார்க்கவில்லை.

அறிகுறிகளின் தீவிரத்தை அளக்க பான்ஸ் என்ற அளவுகோலையும் பயன்படுத்தினார்கள். 1987-இல் வெளியானது. 30 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். என்ன நோய் என்று அது சொல்லாது. இப்போது எவ்வளவு இருக்கிறது, மருந்துக்குப் பிறகு எவ்வளவு குறைந்தது என்று பார்க்க உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் முதலில் எழுதியது ‘மனப்பிறழ்வு, காரணம் ஆராயப்படுகிறது’ என்றுதான். மனச்சிதைவு என்று எழுதவில்லை. நான் கேட்டபோது டாக்டர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, என் குறிப்பில் இருந்த மாதங்களை அதன் மேல் குறித்தார். டி.எஸ்.எம்.-5 சொல்வது இது: பொய்நம்பிக்கை, மாய உணர்வு (இல்லாத குரல் கேட்பது போன்றவை), குழம்பிய பேச்சு, மிகவும் ஒழுங்கற்ற அல்லது உறைந்துபோன நடத்தை, எதிர்மறை அறிகுறிகள் என்ற ஐந்தில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். அந்த இரண்டில் ஒன்றாவது முதல் மூன்றுக்குள் வரவேண்டும். அவை ஒரு மாதமாவது தீவிரமாக நீடிக்கவேண்டும். மங்கலான அறிகுறிகளையும் சேர்த்தால் தொந்தரவு மொத்தமாக ஆறு மாதம் தொடரவேண்டும். வேலை, உறவு, தன்னைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் தெளிவான சரிவு வேண்டும். ஒரு மாதத்துக்குள் முழுக்கச் சரியாகிவிட்டால் அதற்கு வேறு பெயர். ஒன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்டதற்கு இன்னொரு பெயர். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்களை வகைப்படுத்தும் கையேடான ஐ.சி.டி.-11 ஒரு மாதம் போதும் என்கிறது. இந்த மையம் நீண்ட அளவையே பின்பற்றுகிறது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மனச்சோர்வோ அதீத உற்சாகமோ தீவிரமாக இருக்கும் காலத்தில் மட்டும் குரல் வந்து, அது தணிந்ததும் குரலும் போனால் அது மனச்சிதைவு இல்லை. இரண்டும் பின்னிக்கிடக்கும் தனி நிலையும் ஒன்று இருக்கிறது. தம்பியின் கோட்டில் மனநிலைக்கு ஒரு நிறம், குரலுக்கு ஒரு நிறம் என்று பூசிப் பார்த்தார்கள். குரல் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவன் சோகமாகவும் இல்லை, துள்ளலாகவும் இல்லை. ஒன்றுமில்லாமல் இருந்தான்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “பேர் வைக்க அவசரமில்லம்மா. மருந்து ஆரம்பிக்கத்தான் தாமதம் கூடாது.” இந்தச் சேவையை நான் மதிக்கும் காரணம் முழுவதும் இந்த வார்த்தையில் இருக்கிறது. மனப்பிறழ்வு தொடங்கியதிலிருந்து சிகிச்சை கிடைக்கும்வரை உள்ள இடைவெளி நீண்டவர்களுக்கு மீட்சி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் சிகிச்சையை அன்றே தொடங்கினார்கள். வாழ்நாள் முழுக்கக் கோப்பில் ஒட்டிக்கொண்டு வரும் பெயரை மட்டும் நிதானமாக வைத்தார்கள். நாங்கள் முன்பு பார்த்த இடத்தில் இரண்டும் தலைகீழாக நடந்தது: டாக்டர் சில நிமிடங்களில் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார், நோயாளிக்குச் சொல்லவில்லை, மருந்தும் உள்ளே போகவில்லை.

தனக்கு நோய் இருக்கிறது என்று தம்பி அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. மனச்சிதைவில் இது மிகச் சாதாரணம். பிடிவாதம் இல்லை, நோயே அந்த உணர்வை மறைக்கிறது. டாக்டர் அவனை ஒத்துக்கொள்ளவைக்கப் பாடுபடவில்லை. தூக்கம் வேண்டும், குரல்களின் தொல்லை குறையவேண்டும் என்பதில் இருவருக்கும் உடன்பாடு இருந்தது. அந்த உடன்பாட்டின் பேரில்தான் முதல் மாத்திரை உள்ளே போனது.

பெயரைச் சொன்ன நாளும் நன்றாகவே கையாளப்பட்டது. முதலில் தம்பியிடம், நாங்கள் பக்கத்தில் இருக்க, தெளிவாக “மனச்சிதைவு, ஸ்கிட்சோஃப்ரினியா” என்றார்கள். சுற்றிவளைக்கவில்லை. “எனக்குப் பைத்தியமா?” என்று கேட்டான். “உங்களுக்கு ஒரு நோய். சர்க்கரை வந்தவர் சர்க்கரை ஆகிவிடுவதில்லை” என்றார் டாக்டர். இது ஒரே உடலில் இரண்டு ஆள் வாழும் சினிமா விஷயம் இல்லை, இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை, அவர்கள் தாக்கப்படுவதுதான் அதிகம் என்று நாங்கள் கேட்காமலே சொன்னார்கள். உலகில் எந்த ஒரு நேரத்திலும் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கினருக்காவது அறிகுறிகள் முழுமையாக மறைவதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் காட்டினார்கள். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் போதிய காலம் கொடுத்தும் பலன் இல்லையென்றால் குளோசபின் என்ற மருந்து இருக்கிறது, அதற்கு வெள்ளணுக்களை எண்ணும் ரத்தப் பரிசோதனை தவறாமல் செய்யவேண்டும் என்று அடுத்த படியையும் முன்கூட்டியே விளக்கினார்கள். பழைய சீட்டுகளில் ‘பாரனாய்டு’ (சந்தேகம் மேலோங்கிய) வகை என்று பார்த்திருக்கிறேன், அதுவா என்று கேட்டேன். அந்த உள்வகைகளை இரண்டு கையேடுகளுமே கைவிட்டுவிட்டனவாம்.

இனி மனக்குறை. மருந்து ஆரம்பித்துச் சில நாட்களில் தம்பியால் உட்கார முடியவில்லை. விடிய விடிய நடந்தான். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. “உள்ளே யாரோ பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்கு அக்கா” என்றான். குரல்தான் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பயந்தோம். அது அகத்திசியா, மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைத்தால் அல்லது வேறொரு மாத்திரை சேர்த்தால் அடங்கக்கூடியது. இதை யாரும் எங்களிடம் முன்னால் சொல்லவில்லை. எடை கூடும், தூக்கம் வரும் என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த எண்ணுக்கு மாலையில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி மருந்தை நிறுத்தினான். குரல்கள் திரும்பின. இவ்வளவு நுட்பமாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், ‘உட்கார முடியாமல் தவிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள்’ என்ற ஒரு வரியை ஏன் சொல்லவில்லை? அடுத்த முறை போனபோது இதைக் கோபமாகவே கேட்டேன். டாக்டர் வருத்தம் தெரிவித்தார், அளவைக் குறைத்தார், தவிப்பு அடங்கியது. மருந்துச் சீட்டோடு பக்கவிளைவுகளைத் தாய்மொழியில் எழுதிய ஒரு தாளும் தரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தருகிறோம் என்றார்கள். இன்னும் கண்ணில் படவில்லை. மாலை நேரத்து எண்ணும் இன்னும் சரியாகவில்லை.

எழுத்தில் தந்த அறிக்கையும் ஏமாற்றம்தான். அறையில் அவ்வளவு விரிவாக விளக்கியவர்கள், தாளில் சுருக்கெழுத்துகளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். விவரமான அறிக்கையைக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. கேட்டு வாங்குங்கள்; வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் இருக்க அது வேண்டும். உளவியலாளரைப் பார்க்கக் காத்திருந்த காலமும் அதிகம். பார்த்த பிறகு, கவனத்துக்கும் நினைவாற்றலுக்கும் அவர் கொடுத்த பயிற்சிகள் தம்பிக்குப் பிடித்திருக்கின்றன. பழைய போர்டுகளைப் பிரித்துப் பெயரெழுதி அடுக்குவதையே பயிற்சியாக மாற்றிக் கொடுத்தது அவருடைய யோசனை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாதவாரியாக எழுதிய குறிப்பு கண்டிப்பாக வேண்டும். இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்துகளின் சீட்டும் வேண்டும், சாப்பிடாமல் விட்டதையும் சொல்லவேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் நோயாளியின் எதிரே அவர்கள் விழிப்பதைத் தவிர்க்கலாம். மருந்து எழுதியதும், ‘இதில் எந்தப் பக்கவிளைவு வந்தால் உடனே கூப்பிடவேண்டும், எந்த எண்ணுக்கு, இரவில் யார் எடுப்பார்கள்’ என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். வரமறுக்கும் ஆளிடம் நோய் என்று சொல்லி இழுக்கவேண்டாம். தூக்கத்துக்காகப் போகலாம் என்றால் பலர் வருவார்கள், அது பொய்யும் இல்லை.

குரல் கட்டளையிடுகிறது, சாக நினைக்கிறார், சாப்பாடு தண்ணீர் இல்லை, உறைந்துபோய் அசையாமல் இருக்கிறார், காய்ச்சலோ வலிப்போ சேர்ந்து வருகிறது என்றால் இந்தப் பிரிவில் பெயர் பதிந்து முறைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து இங்கே அனுப்பச் சொல்லி எழுதி வாங்கினால், காத்திருப்போர் பட்டியலில் கடைசியில் நிற்காமல் முன்பே எடுத்துக்கொள்கிறார்கள்.